மதுபூர் காற்று

என் கணவர் பொருளாதாரப் பேராசிரியர். ரயிலில் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கல்கத்தாவில் ஒரு காலேஜில் அவர் புரொபசர் அனந்தகிருஷ்ணன். நான் பேரைச் சொல்லி எழுதுவதே அதிகப்பிரசங்கம். எனக்கு எப்போதும் ‘இவர்’தான்.

துர்கா பூஜை வந்தால் கல்கத்தாவில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். படுக்கை, ஹரிக்கேன் விளக்கு, சமையற்காரன், கிளிக்கூண்டு சகிதம் பீகார் பக்கம் மதுபூருக்கும் கிரிடிக்கும் ரயிலேறிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ‘ஹவா பதல்’ என்பார்கள். காற்று மாறினால் உடம்பு தேறுமாம். இவர் ஹௌரா ஸ்டேஷனில் நின்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். போலீஸ்காரர் என்று பயந்து ஒதுங்கினவர்கள் உண்டு. ஒரு கிழவர் இவரை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் இவர் கண்டது இதுதான்: காற்றில் மருந்து எதுவும் இல்லை. ரயில் விளம்பரமும் பூஜைக் கால மலிவு டிக்கெட்டும் சேர்ந்து கிளப்பிவிட்ட மோகம் அது. அங்கே பாலும் நெய்யும் சல்லிசு. வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள், சதை போடுகிறார்கள், புண்ணியம் காற்றுக்குப் போகிறது. ஆடி மாதம் ஒரு சபையில் இதை வாசித்தார். பலத்த கைதட்டல். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ஆவணியில் எங்கள் காமுவுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு வயது, ஒரே பெண். சாயங்காலம் ஆனால் உடம்பு சுடும். இருமல் விடவே இல்லை. பாலிகஞ்சில் எங்கள் தெருவிலேயே இருந்த டாக்டர் பாபு வந்து பார்த்தார். குளிர் தொடங்குவதற்குள் குழந்தையை மதுபூருக்கு அழைத்துப் போங்கள் என்றார். இவர் முகம் சுண்டிவிட்டது.

“ஊரே சிரிக்கும்டீ. மேடையில அப்படிப் பேசிட்டு, நானே மூட்டை கட்டிண்டு ஹௌராவுல போய் நிக்கறதா?”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. நமக்குக் குழந்தைன்னா முக்கியம்” என்றேன்.

இவர் கஞ்சர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிவிடும். மதுபூரில் என்ன கிடைக்குமோ அத்தனையும் இங்கேயே வரவழைத்தார். வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்த பால், நல்ல நெய், காபூல்காரனிடம் திராட்சை. காலேஜ் போகுமுன் தலைமாட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே பால் புகட்டுவார். தான் சொன்னதை அவ்வளவு நம்பினார். காமுவும் மடக் மடக்கென்று குடித்துவிடுவாள். இவர் தலை தெருவில் மறைந்ததும் என் மடியில் அத்தனையும் வாந்தியாக வந்துவிடும்.

“அப்பாகிட்ட சொல்லாதேம்மா. பாவம்” என்பாள்.

நான் சொன்னேன். பாலை மாற்றிப் பார்க்கலாம் என்றார். பூஜை மேளம் தெருவில் முழங்கியபோது, மதுபூர் போகலாமா என்று மறுபடி கேட்டேன். கூட்டம் குறையட்டும் என்றார். காளி பூஜை கழிந்த மறுநாள், தானாகவே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அப்போது காமுவைக் கட்டிலிலிருந்து தூக்கவே டாக்டர் பாபு சம்மதிக்கவில்லை. கார்த்திகையில் போய்விட்டாள்.

அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தை பிறப்பதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டேன். டாக்டர் பாபு வந்தார். அதே ஊரைச் சொன்னார். இந்தத் தடவை இவர் அந்த வாரமே மதுபூரில் வீடு பிடித்துவிட்டார். செத்தால் அங்கே சாகிறேன் என்றுதான் நான் ரயிலேறினேன்.

அரிசி பருப்பு எல்லாம் கல்கத்தாவிலிருந்து கொண்டுபோனதுதான். அதே ரசம், அதே சாதம். பாலையும் நெய்யையும் நான் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை; பார்த்தால் குழந்தை ஞாபகம் வரும். குளிர்ந்த காற்று மட்டும் நாளெல்லாம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு ஒரு நாள், இவர் சாப்பிட்டு எழுந்தபின் நான் இலைமுன் உட்கார்ந்தேன். ரசம் சாதம் முழுக்க உள்ளே போயிற்று. இன்னும் வேண்டும் போலிருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி சாதம் போட்டுக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்த இவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். என் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பசிக்கறதா?” என்று கேட்டார்.

இல்லை, பானையில் மிஞ்சி வீணாகப் போகிறதே என்று போட்டுக்கொண்டேன், என்று சொல்லியிருக்கலாம். இவருக்கும் அது போதுமாயிருக்கும். ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

“பசிக்கறதுன்னா. வந்த நாலாம் நாள்லேருந்தே பசிக்கறது.”

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வாயில் துண்டை அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்த் தொட வேண்டும் என்று தோன்றியது, போகவில்லை. கண்ணீர் இலையில் விழ விழ, அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டேன்.