பல்லாவரத்தில் இறங்கிய பசி

தாம்பரத்தில் ஞானையாவின் பேக்கரிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் வாரம் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. "தம்பி, இது உன் கடை மாதிரி. எது வேணுமோ எடுத்துச் சாப்பிடு. கூச்சமே படக்கூடாது" என்று ஞானையா தோளில் கை போட்டுச் சொல்லுவார். கேட்கிறவனுக்குக் கண் கலங்கிவிடும். இப்படியும் ஒரு முதலாளியா என்று கிரீம் பன்னில் ஆரம்பித்து, தேங்காய் பன், மக்ரூன், பிளம் கேக் என்று விடாமல் பிடிப்பான். வாரக் கடைசியில் பன் தட்டைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். பிறகு ஆயுசுக்கும் அவன் சரக்கில் கை வைக்க மாட்டான். அலமாரிக்குப் பூட்டு வாங்குவதைவிட இது மலிவு என்பது ஞானையா ஜெபத்தில் கண்டடைந்த உண்மை.

தனசிங் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவன். பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். முதலாளி சாப்பிடச் சொன்னதை அவன் சலுகையாக எடுத்துக்கொள்ளவில்லை, கட்டளையாக எடுத்துக்கொண்டான். வேண்டாம் என்று வயிறு சொன்ன பிறகும் கீழ்ப்படிந்து தின்றான். விளைவு, மற்றவர்களுக்குப் பன் மேல் இருந்த ஆசை போயிற்று என்றால், தனசிங்குக்குப் பசியே போய்விட்டது. சொல்லிக்கொள்ளாமல் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போன சகபயணி மாதிரி.

அதன் பிறகு அவன் கடுங்காப்பியிலும் வாழைப்பழத்திலும் ஓடினான். அடுப்பு மாஸ்டராக உயர்ந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் எடை மிஷினில் காசு போட்டால் வருகிற அட்டையில் ஒரு பக்கம் நாற்பத்து மூன்று கிலோ என்று இருந்தது. மறுபக்கம், 'உமது செல்வாக்கு நாளுக்கு நாள் பெருகும்' என்று இருந்தது. எந்தப் பக்கத்தை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அதே அடுப்படியில்தான் மாவு பிசைகிற பக்தவச்சலமும் இருந்தான். அவன் சேர்ந்த வாரம் ஞானையா கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அதனால் அவனிடம் யாரும் 'சாப்பிடு' என்று சொல்லவில்லை. சொல்லாத காரணத்தால் அவன் இன்றுவரை தின்றுகொண்டிருந்தான்.

"கேக்கு ஓரம் வெட்டினா வுழுதுல்ல, அத்த இன்னா பண்றது? குப்பைல போட்டா பாவம் நைனா" என்பான், வாய் நிறைய. அவனுடைய பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. "நீ இன்னாபா, அடுப்புல வெக்கிற கட்டையாட்டம் கீற. உன்னிய மாத்தி உள்ள தள்ளிடப் போறேன், பாத்துக்கினு நில்லு."

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் தனசிங்குக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் அவன் ஊர்ப் பக்கத்துத் தபீதாள். மீன் குழம்பில் பெயரெடுத்தவள். பேக்கரிக்குப் பின்னாலேயே ஓர் அறை வீடு. அடுப்புக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் ராத்திரி முதுகை வைத்தால் பன் மாதிரி உப்பிவிடலாம் போல வெதுவெதுப்பு. வெண்ணெயும் வெனிலாவும் கருகிய சர்க்கரையுமாக வாசனை சுவர் வழியாகக் கசிந்து வந்து, கொடியில் காயும் துணியிலும் தலையணையிலும் விவிலியத்தின் பக்கங்களிலும் உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் தபீதாள் சாளை மீன் குழம்பு வைத்துச் சோற்றைப் போட்டாள். தனசிங் ஒரு கவளம் வாயில் வைத்தான். மீன் அவனுக்கு வெனிலாவாக மணத்தது. மென்றான், மென்றான், ஜன்னலைப் பார்த்தபடி மென்றுகொண்டே இருந்தான்.

"நல்லா இல்லையாங்க?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றான், கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கியபடி.

நல்லா இருக்கிறதை எவன் மிச்சம் வைப்பான்? தினமும் இதே கதை. சோற்றை வீணாக்கினால் பாவம் என்று அவன் மிச்சத்தையும் தபீதாளே சாப்பிட்டாள். அதோடு சுவர் வாசனை அவளுக்கு நேர்மாறாக வேலை செய்தது. பகலெல்லாம் பசித்துக்கொண்டே இருந்தது. ஓணம் பண்டிகைக்கு அடுத்த வீட்டு மலையாளிகள் அடை கொடுக்கிற நேரத்தில், அவளுடைய கல்யாண ஜாக்கெட்டுகளில் பிரிக்கத் தையலே மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கோயிலுக்கு நடந்தால் பத்து என்ற எண் நடந்து வருகிற மாதிரி இருந்தது. ஒன்று அவன், சைபர் அவள். பெஞ்சிலிருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுப் புஷ்பம் அக்கா வாயை மூடிக்கொள்கிற ரகமில்லை. "தப்பா நெனைச்சுக்காதே தபீதா. ஆம்பளை வீட்டுல சாப்பிடலைன்னா வெளியில எங்கேயோ சாப்பிடுறான்னு அர்த்தம். எங்கேன்னு நான் சொல்ல மாட்டேன்பா, எனக்கென்ன வம்பு."

தனசிங் எங்கேயும் சாப்பிடவில்லை, கனவில்கூட. பேக்கரிக்காரன் தூங்குவது பகலில். அந்தப் பகல் தூக்கத்தில் அடிக்கடி ஒரே கனவு வந்தது. சேலையூர் ஏரி முழுக்க மீன் குழம்பு. எண்ணெய் மிதக்க, கறிவேப்பிலை தெப்பமாக ஆட, மெல்ல அலையடிக்கிறது. தனசிங் ஒரு பிரெட் அச்சில் ஏறித் துடுப்பு போடுகிறான். வானத்தில் வெந்தும் வேகாத பன் ஒன்று நிலாவாகத் தொங்குகிறது. அக்கரையில் அவனுடைய பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஒருத்தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் பசி. 'ஏய், இங்க வா' என்று தனசிங் கூப்பிடுவான். அவன் திரும்பவே மாட்டான். துடுப்பு போடப் போடக் கரை தள்ளிப்போகும். விழித்தால் சுவர் வெதுவெதுவென்று முதுகில் இருக்கும்.

நவம்பரில் தபீதாள் ஒரு நாள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு வேளை. ஒரே ஒரு வேளை என் கையால வயிறார சாப்பிட்டுக் காட்டுங்க. கிறிஸ்துமஸ் கேக் போடுததுக்குள்ள. இல்லன்னா நான் அம்மை வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு வெக்கமா இருக்கு."

"வெக்கமா?"

"பொங்கிப் போட்டா புருசன் திங்க மாட்டேங்கான். மிச்சத்தையும் தின்னு நான் ஊதுதேன். ரெண்டையும் ஊரே பாக்குது. வெக்கம் வராம என்ன வரும்?"

தனசிங்குக்கு அவளை அனுப்ப மனமில்லை. அவள் தூக்கத்தில் சிரிப்பாள். எதற்கென்று கேட்டால் காலையில் ஞாபகம் இருக்காது. அந்தச் சிரிப்புக்காக அவன் எதையும் விழுங்கத் தயார்தான், தொண்டை மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை. மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தான். மூச்சு முட்டியது. கடைசியில் தட்டோடு கொல்லைப்பக்கம் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். தட்டு பளபளவென்று காலியாகத் திரும்பியது. தபீதாள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி ஒரு வாரம் இருந்தது. பிறகு தெருநாய் பேக்கரி வாசலில் மினுமினுவென்ற முதுகோடு படுத்து, அவள் வைத்த விளமீனின் முள்ளைக் கடித்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீயாவது நல்லா இருக்குன்னு தின்னியே" என்றாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

நெல்லை ரயில் தாம்பரத்திலும் நிற்கும். ஆனால் இங்கே ஏறினால் ஊர்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். உட்கார்ந்து போக வேண்டுமென்றால் எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூருக்குப் போய் அங்கே ஏற வேண்டும். சாயங்காலம் தனசிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். ஞானையா தபீதாளின் அம்மாவுக்கென்று ஒரு பிளம் கேக் பெட்டி கொடுத்திருந்தார். தபீதாள் மடியில் வழிச்சோற்றுப் பொட்டலம். புளிச்சோறு, நெத்திலிக் கருவாட்டுப் பொரியல், இரண்டு அவித்த முட்டை, எல்லாம் வாழையிலையில் கட்டியது.

எதிரும் புதிருமாக ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வண்டி புறப்பட்டது. தாம்பரத்துக்கு வடக்கே தனசிங்குக்கு இதுவரை வேலை இருந்ததில்லை. விடியுமுன் அடுப்பு, பகலில் தூக்கம், அவ்வளவுதான் அவன் பட்டணம். சானடோரியம் தாண்டியது. கேக் பெட்டி இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. எதிர்வெயில் தபீதாள் மூக்குத்தியில் விழுந்து, சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

குரோம்பேட்டையில் காற்று மாறிற்று. பல்லாவரம் வரும்போது தோல் கிடங்குகளின் நாற்றம் முழு வேகத்தில் ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்தது. ஊறிய தோல், சுண்ணாம்பு, இன்னும் பேர் தெரியாத ஏதேதோ. பெட்டியே ஒரே அசைவாக மூக்கைப் பொத்திக்கொண்டது. கைக்குட்டை, முந்தானை, ஒருவர் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தனசிங் மட்டும் மூச்சை இழுத்தான். வெனிலா போயிற்று. வெண்ணெய் போயிற்று. எத்தனையோ வருஷமாக மூக்குக்குள் குடித்தனம் நடத்திய அத்தனை பன்களும் பெட்டி படுக்கையோடு காலி செய்துகொண்டு போயின. அந்த இடம் வெறுமையாக, கழுவிவிட்ட திண்ணை போலக் கிடந்தது. வண்டி நின்றது. பிளாட்பாரக் கூட்டத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவன் மெல்லத் திரும்பினான், வண்டியில் ஏறினான். தனசிங்கின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கடமுடாவென்று உருண்டது.

"பிள்ள" என்றான். "அந்தப் பொட்டலத்துல என்ன இருக்கு?"

தபீதாள் முந்தானைக்குள்ளிருந்து, "வழிச்சோறு" என்றாள்.

"எனக்குக் கொஞ்சம் தாயேன்."

"இங்கேயா? இந்த நாத்தத்துலயா? கேலி பண்ணுதியளா?"

"பசிக்கி."

அந்தச் சொல்லை அவன் வாயில் அவள் கேட்டதே இல்லை. பொட்டலத்தை அவிழ்த்தாள். மடியிலேயே இலையை விரித்தாள். தனசிங் குனிந்து அள்ளினான். புளி புளியாக இருந்தது. கருவாடு கருவாடாக இருந்தது. உலகத்தில் இவ்வளவு நேர்மையான பொருட்கள் இருக்கின்றனவா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. பக்கத்தில் மூக்கைப் பொத்தியிருந்தவர், "சார், எப்படி சார் இறங்குது?" என்றார். பதில் சொல்ல வாயில் இடமில்லை.

பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை. நாற்றம் போய்விட்டது. ஆனால் ஏறியவன் இறங்கவில்லை. முதல் முட்டை போயிற்று. தபீதாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை அவன் மோவாயில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டாள், கோபத்தை மறக்காமல்தான்.

நுங்கம்பாக்கத்தில் தனசிங்குக்கு நினைவு வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் எழும்பூர். இவள் இறங்கிவிடுவாள். இலையில் ஒரு கவளமும் பாதி முட்டையும் மிச்சம். வாழ்க்கையில் முதல்தடவையாக, தின்ன ஆசையாக இருந்த ஒன்றை அவன் தின்னாமல் வைத்தான்.

எழும்பூர் வந்தது. கூட்டம் இறங்கிற்று. அந்தப் பக்கம் நெல்லை ரயில் நீளமாகப் படுத்திருந்தது தெரிந்தது. தனசிங் கவளத்தை விரலால் உருட்டினான். இந்தப் பக்கம் உருட்டினான், அந்தப் பக்கம் உருட்டினான்.

"எழும்பூர்" என்றான், இலையைப் பார்த்தபடி.

தபீதாள் பெட்டியைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. "சாப்பிடுத ஆளைப் பாதியில எழுப்பக் கூடாது" என்றாள். "அம்மை சொல்லும்."

வண்டி நகர்ந்தது.

பீச் ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப் போன பெட்டியில் அவன் அந்தக் கவளத்தை வாயில் போட்டான். ஜன்னலில் கடல் காற்று. இருட்ட ஆரம்பித்திருந்தது. அதே வண்டி, அதே பெட்டி, திரும்பித் தாம்பரத்துக்குக் கிளம்பியது.

"என் வழிச்சோறு பூரா போச்சு" என்றாள் தபீதாள். "இனி எப்படிப் போறது?"

"கேக் இருக்கே."

"அதையும் தின்னா ரயில் வாசல்ல இடுப்பு மாட்டிக்கிடும்." உதட்டோரம் லேசாக அசைந்தது. தூக்கத்தில் சிரிப்பாளே, அதன் ஒரு நுனி.

பல்லாவரத்தில் மறுபடி நாற்றம் ஏறியது. மறுபடி கைக்குட்டைகள். தனசிங் ஆழமாக மூச்சிழுத்தான். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான்.

"மறுபடியுமா?"

தலையாட்டினான்.

தபீதாள் எழுந்து கேக் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "டிரங்கை எடுங்க. இறங்குங்க."

பிளாட்பாரத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் சாவகாசமாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். மூக்கைப் பொத்தாத முகத்தைப் பார்த்தாலே உள்ளூர்க்காரர் என்று தெரிந்தது. தபீதாள் முந்தானையை மூக்கிலிருந்து ஒரு கணம் எடுத்தாள்.

"அண்ணே, இங்க வாடகைக்கு வீடு கிடைக்குமா?"

"கிடைக்கும்மா. தோல் கிடங்குக்குப் பின்னாடி வரிசையா காலியா கீது. ஆனா சொல்லிட்டேன், நாத்தம் தாங்காது. எவனும் ஒரு மாசத்துக்கு மேல இருக்க மாட்டான்."

"அதே வரிசைதான் வேணும்" என்றாள் தபீதாள். கேக் பெட்டியை அவர் கையில் வைத்தாள். பிறகு தனசிங்கிடம் திரும்பி, முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்: "எனக்கு இங்க சோறே இறங்காது பாத்துக்கிடுங்க."

"அப்போ என்ன செய்ய?"

"என் பங்கையும் நீங்கதான் திங்கணும்."

விளக்குக் கம்பங்களுக்கு அப்பால் கட்டம் போட்ட சட்டை ஒன்று அசைந்து போனது. இந்தத் தடவை அது அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தது. தனசிங் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதன் பின்னால் நடந்தான்.