கூப்பிட்டவர்தான் சொல்ல வேண்டும்

மனநல ஆலோசகர் சிவசங்கர், சென்னையில் மூன்று நாள் உட்கார்ந்து 'ஆன்மிகம் கலந்த ஆலோசனை' கற்றவர். அதற்குச் சான்றிதழும் ஒரு வெண்கலக் கிண்ணமும் கொடுத்தார்கள். சான்றிதழ் வீட்டில் தொங்கியது. கிண்ணம் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது.

லைட்ஹவுஸ் குப்பத்துப் புயல் பாதுகாப்பு மண்டபத்தில் அவர் எதிரே தேவகி உட்கார்ந்திருந்தாள். அழைத்து வந்தவன் புருஷன் கோதண்டம். போன மாதம் முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்து, டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்து பிழைத்தவன். அவன் பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அவள் பயம் போகவில்லை. இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலை எங்கோ ஒளித்துவிட்டாள்.

"நாலு நாளா போட்டு மணல்லயே கீது சார். நாளிக்கும் போவலன்னா கூட்டாளிங்க வேற போட்டுல ஏறிடுவானுங்க. ஹேண்டில் எங்கன்னு கேட்டுச் சொல்லு சார்."

சிவசங்கர் கிண்ணத்தைத் தட்டினார். சூழலுக்காகத் தட்டில் கற்பூரம் ஏற்றினார். "தேவகிம்மா, உங்களுக்குள்ள ஒரு சக்தி இருக்கு. அதை நான் கூப்பிடப் போறேன்."

தேவகி மிரண்டாள். "இன்னா கொறைக்குக் கூப்புட்றீங்க? இங்க சும்மா கூப்புட மாட்டாங்க சார்."

"இது ஒரு பாவனைதாம்மா," என்று புன்னகைத்து, கங்கையம்மனை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார். கோதண்டம் வாசல்வரை பின்வாங்கியதை அவர் கவனித்திருக்கலாம்.

தேவகியின் கொண்டை அவிழ்ந்தது. கிண்ணம் உருண்டது.

"எவன்டா கூப்டது?"

அது தேவகியின் குரல் இல்லை. எதிரில் இருப்பவரின் உணர்வை அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது சிவசங்கருக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க... கோவமா இருக்கீங்கன்னு புரியுது."

அம்மன் மிதித்த மிதியில் ஜன்னல் அதிர்ந்தது.

"சார், கூப்டவருதான் கொறைய சொல்லணும்," என்றான் வாசலில் நின்ற கோதண்டம். "சொல்லாம சாமி மலையேறாது."

"உலக நன்மைக்காக..."

"பொய்!" எரியும் கற்பூரத் தட்டு அவர் மூக்குக்கு நேரே வந்தது. "உனுக்கு இன்னாடா பயம்?"

சிவசங்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எதிர்ல உக்காந்து அழறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அது வெளியே தெரிஞ்சுடுமோன்னு தினம் பயம். அதான் கிண்ணம்."

"தெர்லன்னா கேளுடா. இன்னாத்துக்குத் தட்டிகினு கீற?"

அம்மன் கற்பூரத்தை நாக்கில் போட்டு அணைத்தாள். பொத்தென்று உட்கார்ந்த தேவகி, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு தண்ணீர் கேட்டாள்.

சிவசங்கர் சொம்பை நீட்டினார். கிண்ணம் எட்டாத தூரத்தில் கிடந்தது. வேறு வழியில்லாமல் கேட்டார்: "எதை நெனச்சும்மா பயம்?"

"லைஃப் ஜாக்கெட்ட தலகாணியா வெச்சித் தூங்குது சார் இந்தாளு. கவுந்த அன்னிக்கும் அது ஊட்லதான் கெடந்துச்சி."

"அத்தப் போட்டுகினு வலை இழுக்க..." என்று தொடங்கிய கோதண்டம், அவள் கை கொண்டைப் பக்கம் போவதைப் பார்த்தான். "போட்டுக்கறேம்மே! போட்டுக்கறேன்!"

"ஹேண்டில் அரிசி டிரம்முல கீது," என்றாள்.

"இப்ப பயம் போயிடுச்சாம்மா?" என்று சிவசங்கர் ஆவலோடு கேட்டார்.

"அது எப்பிடி சார் போவும்? இந்தாளு நாளிக்கிக் கரையேறினாதான் போவும்."