திண்டிவனம் வாசகரின் கடிதம்

என் மனைவி வளர்மதி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுடைய கதைகளை எல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். பதிப்பகத்திலிருந்து ஜெயஸ்ரீ என்ற பெண் வாரம் ஒருமுறை போன் செய்கிறார்.

“சார், புதுசா எழுத வர்றவங்களுக்காகப் பின்னாடி நாலு பக்கம் வேணும். விமர்சனம் வந்தா மேடம் எப்படி எடுத்துக்கிட்டாங்க, பத்திரிகையில வெட்டினா என்ன செஞ்சாங்க, இந்த மாதிரி. வந்த லெட்டர் ஏதாவது இருந்தாலும் அனுப்புங்க. நீங்கதான் கூடவே இருந்தீங்க.”

கூடவே இருந்தேன். அதுதான் சங்கடம்.

நான் செஞ்சியில் முப்பது வருஷம் தமிழாசிரியர். எங்கள் தெருவின் முதல் எம்.ஏ. கோட்டையைப் பற்றி அறுநூறு பக்கம் நாவல் எழுதி நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதில் போடவில்லை. நான்காமவர், ‘செய்தி நிறைய இருக்கிறது, மனிதர் யாரும் இல்லை’ என்று ஒரு கார்டு எழுதினார். அதைக் கிழித்துப் போட்டேன். நாவலை மறுபடி தொடவில்லை.

வளர்மதி பத்தாவதோடு நின்றவள். பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கதை எழுதி என்னிடம் காட்டினாள். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், மாமியாரை ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தான் ஏற முடியாமல் நின்றுவிடுகிற ஒருத்தியின் கதை. கடைசிப் பாராவில் அவள் அங்காளம்மனிடம் அழுது புலம்புவாள். ஒற்றெழுத்து மட்டும் திருத்திக் கொடுத்தேன். இருபதே நாளில் அது பத்திரிகையில் வந்துவிட்டது.

ஜாக்கெட் வாங்க வந்த அமிர்தவல்லி வாசலிலேயே கேட்டாள். “இன்னா சார், வளரு பேரு புக்குல வந்துட்ச்சாமே. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?”

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. மிஷினில் இருந்த வளர்மதி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

அந்தப் பத்திரிகை எங்கள் அலமாரியில் பத்து நாள் கிடந்தது. அவள் பெயரை அச்சில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பதினோராவது நாள் உட்கார்ந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்தை மாற்றினேன். கீழே ‘ஒரு வாசகர், திண்டிவனம்’ என்று போட்டு, பஸ் ஏறிப் போய்த் திண்டிவனத்திலேயே தபாலில் சேர்த்தேன். மாமியாரின் முழங்கால் வலி இரண்டு தடவை வருகிறது என்றும், கடைசிப் பாராவில் அம்மனிடம் அழுவது மூன்றாந்தரம் என்றும், எழுதத் தெரியாதவர்களை ஊக்குவிக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.

பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷினில் உட்கார்ந்தபடியே எனக்குப் படித்துக் காட்டினாள்.

“கடைசி பாரா சரியில்லன்றாரு.”

“சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

“நீங்க புக்கைப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“பாக்காம இன்னா?”

“சரி” என்று மிஷினை மிதித்தாள்.

மறுநாள் அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது பத்திரிகையைப் பிரித்தேன். கடைசிப் பாரா அதில் இல்லை. ஆசிரியர் வெட்டியிருந்தார். பஸ் போய்விடுகிறது, அவள் நிற்கிறாள், அத்தோடு கதை முடிந்திருந்தது. அந்த அழுகையைப் படித்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். ஆசிரியர், அவள், நான்.

அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த கதையை எழுதியதும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்க.”

“இன்னா பிடிக்குது?”

“ஜாக்கெட்டு மாதிரிதான். போட்டவங்களுக்குத்தான் எங்க பிடிக்குதுன்னு தெரியும். அத கேட்டுக்கணும். எப்படித் தைக்கணும்னு அவங்க சொல்றத கேட்டா துணி பாழு.”

“அப்ப பத்திரிகையில வெட்டினா?”

“வெட்டினதை எடுத்துப் பாப்பேன். துணியா, பிசிறான்னு. துணியா இருந்தா சண்டை போடுவேன்.”

பல வருஷம் அப்படியே ஒவ்வொரு கதையையும் என்னிடம் கொடுத்தாள். எங்கே பிடிக்கிறது என்று சொன்னேன். சரியாகவே சொன்னேன். விருது வாங்க அவள் மேடை ஏறும்போது சால்வையை மடித்து வைத்துக்கொள்ளக் கீழே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகும் பொறாமை குறையவில்லை.

போன வாரம் ஜெயஸ்ரீக்காக அவள் பைலைத் தேடினேன். திண்டிவனம் கடிதம் மேலாகவே இருந்தது. முழங்கால் வலி என்ற வரியின் கீழ் மட்டும், துணியில் அடையாளம் போடுகிற நீலச் சாக்கட்டிக் கோடு. புத்தகப் பிரதியில் அந்த வலி ஒரு முறைதான் வருகிறது. மற்ற வரிகளில் கோடும் இல்லை, கீறலும் இல்லை.

கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று அடுப்படி வரை போனேன். கார்டைக் கிழித்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. பிறகு போட்டோ எடுத்து, ஜாக்கெட் பற்றி அவள் சொன்னதையும் எழுதி அனுப்பினேன்.

ஜெயஸ்ரீ உடனே கூப்பிட்டார். “சார், இது பிரமாதமா இருக்கு. நாலு பக்கமே வேணாம், இதையும் அந்த ஜாக்கெட் விஷயத்தையும் போட்டாலே போதும். ஆனா எழுதினவர்கிட்ட பர்மிஷன் வாங்கணுமே. பேரே இல்ல.”

“பீமாராவ்னு போடுங்க.”

“சார், அது உங்க பேரு.”

“ஆமா. ஊரையும் செஞ்சின்னு மாத்திடுங்க.”

நேற்று புரூப் வந்தது. அச்சில் என் எழுத்து வருவது இதுதான் முதல் தடவை. இந்த முறை பத்து நாள் போட்டு வைக்கவில்லை. உடனே பிரித்தேன், முதலில் என் பக்கத்தை.