மகதலேனாவின் பச்சைப் பட்டு

மெக்சிகோவில் இருக்கும் எங்கள் ஹிக்கோ நகரத்தின் பாதுகாவலி புனித மகதலேனா. ஜூலைத் திருவிழாவில் அவளுடைய ஆளுயரச் சிலைக்கு நாளுக்கொரு புது உடை. உடை கொடுக்க ஆசைப்படும் வீட்டார் கோயில் பட்டியலில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் பதினொரு வருடம் காத்திருந்தேன். அதற்குள் என் பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்ததும் போய்விட்டது. ஆனால் கிடைத்ததோ இருபத்திரண்டாம் தேதி, பவனி போகும் நாள். அந்த வயிற்றெரிச்சலில் பாதித் தெரு என்னோடு பேசவில்லை.

தைத்தவள் என் நாத்தனார் ஒதிலா. பச்சைப் பட்டு, மார்பு முழுக்கத் தங்கநூல் வேலை, எட்டு மாத உழைப்பு. காலை பத்து மணிக்குக் கோயில் பெண்கள் பேண்டு வாத்தியத்தோடு வீட்டுக்கு வந்து தட்டில் வைத்து எடுத்துப் போவார்கள். புனிதைக்கு என்று தைத்ததை உயிருள்ள எவளும் உடம்பில் போடக் கூடாது. இதை எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

எட்டு மணிக்கு நான் போட்டுப் பார்த்தேன்.

மறைப்பானேன், காரணம் இருக்கிறது. நானும் நபோரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணத்தன்று நான் உடுத்தியிருந்தது என் அக்கா காப்பிப் பழம் பறிக்கப் போகும் பாவாடை. பட்டு என்று ஒன்று என் மேல் பட்டதே இல்லை. அடுப்பில் விருந்துக்கான மோலே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். கண்ணாடி வேறு எதிரிலேயே இருந்தது. புத்தி மேயப் போய்விட்டது.

கை நுழைந்தது, தலை நுழைந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் நின்றேன், திரும்பினேன், கடைசியில் மூச்சை விட்டேன். முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

ஒதிலா வந்து பார்த்துவிட்டுக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எலி கடித்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன்.

"எலி நல்ல அகலம்தான், அண்ணி" என்றாள்.

தையல் பிரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. பட்டே கிழிந்திருந்தது. ஒட்டுப்போட மிச்சத் துணியும் இல்லை. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இனி கோயில் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு பழைய உடையை எடுத்து மகதலேனாவுக்கு உடுத்துவார்கள். நான் மறுபடி பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும். ஒதிலா ஊசியை எடுத்து, கிழிசலை இழுத்துப் பிடித்துத் தைத்தாள். முதுகில் கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி ஒரு வடு நின்றது.

பத்து மணிக்கு முன்பே பேண்டு வந்துவிட்டது. புனிதைக்கு உடுத்தும் பெண்களுக்குத் தலைவி தோன்யா எர்மிலா, எழுபது வயது, சிரித்து யாரும் பார்த்ததில்லை. உடையைத் திருப்பினாள், வடுவைத் தடவினாள், என் முகத்தைப் பார்த்தாள். பொய் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, தோன்யா."

"இருக்கும். என் முறை வந்தப்ப நானும் போட்டேன். ஆனா எனக்குக் கிழியல." உடையை மடித்துத் தட்டில் வைத்தாள். "அலமாரியில நீளமா ஒரு மேலங்கி இருக்கு. முதுகுப் பக்கம் தொங்க விட்டுடலாம். கண்ணத் தொடச்சிட்டு வந்து தட்டத் தூக்கு."

தூக்கினேன். கால் தரையில் பாவவில்லை.

மாலையில் சாரல். தெரு முழுக்க வண்ண மரத்தூள் கோலம். வெடிச் சத்தத்தில் நாய்கள் எல்லாம் கட்டிலுக்கடியில். மகதலேனா பச்சைப் பட்டில் எங்கள் வாசலுக்கு வந்தாள். என்னோடு பேசாத பாதித் தெருவும் கைதட்டியது. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

நபோர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"மகதலேனா மன்னிக்கணும். காலையில உனக்கு இத விட நல்லா இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கிருந்து பார்த்தார் என்று கேட்டேன். கதவிடுக்கிலிருந்தாம்.

"பார்த்தவரு ஏன்யா அப்பவே ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா கழட்டியிருப்பியே."