நெமலிகொண்டாவின் உச்சிப் பாறை

ஹன்னாவை மலைக்கு அழைத்துப் போனது இன்பசேகரனேதான். அதனால் வேறு யாரையும் நொந்துகொள்ள அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஆந்திராவில், ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. விடுமுறை நாளில் நண்பன் பவன்குமாரோடு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவான். கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான். திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் ஹன்னா, கல்யாணமான புதிதில், சனிக்கிழமை முழுக்க வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, நானும் வருகிறேன் என்றாள். அவனுக்கு சந்தோஷம்தான். முதல் மலையில் எந்தக் கல்லை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தான். அவளும் தலையாட்டிக்கொண்டே ஏறினாள்.

மூன்றாவது மலையில் அவள் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் எங்கும் பயிற்சி எடுத்தவள் இல்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில்கூட ஓடியதில்லை. அவளுக்கு அது வந்தது, அவ்வளவுதான். அதைத்தான் இன்பசேகரனால் தாங்க முடியவில்லை. பத்து வருஷம் முட்டியைத் தேய்த்துக் கற்றுக்கொண்டதை அவள் பேசிக்கொண்டே செய்துவிட்டுப் போகிறாள். பவன்குமார் எடுத்து அனுப்பும் வீடியோக்களில் எல்லாம் அவள்தான். ஒன்றில் இவனுடைய பையின் ஓரம் மட்டும் தெரிந்தது. “வதினக்கி பயமே லேது அண்ணா” என்று, அண்ணிக்குப் பயமே இல்லையென, பவன் ஒவ்வொரு முறையும் தெலுங்கில் சொல்வான். இன்பசேகரன் சிரித்துவைப்பான். பிறகு ஹன்னா ஷூவுக்கு முடிச்சுப் போட்ட விதம் சரியில்லை, தண்ணீரைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிட்டாள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வான்.

நெமலிகொண்டாவை அவன் தேர்ந்தெடுத்ததும் அந்தப் புகைச்சலில்தான். அந்தப் பக்கத்தில் அதைவிட முரட்டு மலை அவனுக்குத் தெரிந்து இல்லை. பாதை கிடையாது, ஊர் கிடையாது, கடைசியில் செங்குத்தாக ஒரு பாறை. ஒரே ஓர் இடத்திலாவது அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள், உதவி கேட்பாள் என்று நினைத்தான். அதை நினைக்கும்போதே அவனுக்கு இதமாக இருந்தது.

டிசம்பர் மாதக் காலையில் சந்திரகிரியைத் தாண்டிப் போய், மலையடிவாரத்தில் வண்டிகளை விட்டார்கள். வனத்துறையில் அனுமதி வாங்கியிருந்ததால் காவலர் கங்கையா ஓடைவரை கூட வந்து, மேலே நீங்களே போய்வாருங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

ஓடைக்கு மேலே உருண்டைப் பாறைகளும் முள்ளும்தான். கையை ஊன்றி, முட்டியை வைத்து, உடம்பை இழுத்து ஏற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் இன்பசேகரனின் கால் சறுக்கி முழங்கால் சிராய்ந்தது. ஹன்னா திரும்பிப் பார்த்து, கையை நீட்டினாள். அவன் அதைக் கவனிக்காதவன் மாதிரி வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, மூச்சுவாங்கி வந்து சேர்ந்தான். ஹன்னாவும் பவனும் நிழலில் காத்திருந்தார்கள். அவள் முகத்தில் வியர்வைகூட இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் கடைசிப் பாறையின் அடிக்கு வந்தார்கள். இரண்டு மாடி உயரம் இருக்கும். நடுவில் சாய்வாக ஒரு வெடிப்பு. இடது பக்கம் அதலபாதாளம். நான்தான் முதலில் என்று இன்பசேகரன் ஏறினான். பாதி உயரத்தில் அடுத்த பிடி அவனுக்கு எட்டவில்லை. கால் நடுங்கத் தொடங்கியது. கீழே பார்த்தான், பார்த்திருக்கக்கூடாது. தட்டுத்தடுமாறி இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“பாறை ஈரமா கீது. காத்து வேற ஏறிக்கினு வருது. யாரும் ஏற வேணாம், எறங்கிடலாம்.”

பவன்குமார் வெயிலில் காய்ந்துகிடந்த பாறையைப் பார்த்தான். ஹன்னா அதன்மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள்.

“சரிங்க” என்றாள்.

இறங்கும்போது அந்த ‘சரிங்க’ அவனை அரித்தது. அவள் சண்டை போட்டிருக்கலாம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மரநிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பவன் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டான். ஹன்னா எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து இன்பசேகரன் கையில் கொடுத்தாள். ஏன் பேசாமல் வருகிறாய் என்று அவன் கேட்டான்.

“பேசினா கோவப்படுவீங்க.”

“சொல்லு.”

“பாறை காஞ்சிதான் கெடந்துச்சு. முடில ஹன்னான்னு சொல்லியிருந்தா நானே எறங்கலாம்னு சொல்லியிருப்பேன்.” தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். “ரொம்ப நாளா பாத்துக்கினு வர்றேன். நான் ஏறினா உங்க மூஞ்சி மாறிப்போவுது. ஆஸ்பத்திரில எனக்கு சம்பளம் ஏத்தினாங்க, அப்ப மாறல. இதுக்கு மட்டும் இன்னாங்க?”

மறுக்கத்தான் வாயெடுத்தான்.

“எனக்குன்னு இது ஒண்ணுதான் இருந்துச்சு” என்று வந்தது.

அவள் அவனைத் தேற்றவில்லை. “எனக்கும் இதுதாங்க இருக்குது” என்றாள்.

அவன் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு, நேரம் இருக்கிறது, போய் ஏறு என்றான். அவள் ‘நிஜமாவா’ என்று கேட்டு அவனுக்கு மனசு மாற இடம் கொடுக்கவில்லை. எழுந்து நடந்தாள்.

பவனையும் எழுப்பிக்கொண்டு பாறையடிக்குத் திரும்பி, இன்பசேகரன் அண்ணாந்து நின்றான். அவன் இடது கையால் துழாவிய இடத்தில் அவள் வலது தோளை வெடிப்புக்குள் செருகி, முதுகால் அழுத்திக்கொண்டு காலை மேலே தூக்கினாள். அந்த நொடியில், ஒரே ஒரு தடவை அவள் கால் வழுக்க வேண்டும் என்று அவன் மனம் ஆசைப்பட்டது. விழ வேண்டாம், வழுக்கினால் போதும். நினைத்த மறுகணம் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு பாறையை ஒட்டிப் போய் நின்றான். கால் வழுக்கவில்லை. அவள் விளிம்பைத் தாண்டி மறைந்துபோனாள்.

மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பவன் விசிலடித்தான். மேலே வெறும் மொட்டைப் பாறையாக இருக்கட்டும், பார்க்க ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்று இன்பசேகரன் வேண்டிக்கொண்டிருந்தான். பிறகு அவள் தலை தெரிந்தது. வழி சொல்கிறேன், வருகிறீர்களா என்று கேட்டாள்.

“இன்னைக்கு வேணாம் ஹன்னா. கால் நடுங்குது” என்றான்.

இறங்குவது அவளுக்கு அத்தனை சுலபமாக இல்லை. பாதியில் அவளுக்குக் கீழே இருந்த படி தெரியவில்லை. கால் காற்றில் துழாவியது. இன்பசேகரன் எட்டினவரைக்கும் ஏறி, இன்னும் ஒரு சாண் கீழே, இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே அவள் குதிகாலைப் பிடித்துக் கல்லில் பதித்தான். ஷூவுக்குள் அவள் கால் உதறுவது அவன் கைக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயம் உண்டென்று அதுவரை அவன் நினைத்ததில்லை.

மேலே என்ன இருந்தது என்று கேட்டான். மலைக்குப் பின்னால் மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது, ஊரே தெரியவில்லை, ஒரு குழியில் மழைத்தண்ணீர் இன்னும் நிற்கிறது, அதில் முகம் கழுவினேன் என்றாள். அந்தத் தண்ணீரின் ஈரம் அவள் கன்னத்தில் இன்னும் இருப்பதைப் பார்த்து அவனுக்கு மறுபடியும் நெஞ்சு காந்தியது.

சாயங்காலம் திருப்பதிக்கு வந்து சேர்ந்தபோது பவன் வீடியோவை அனுப்பியிருந்தான். இன்பசேகரன் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

“ஹன்னா, தோள உள்ள குடுத்தியே, அங்க எம்மாம் எடம் இருந்துச்சு?”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவுக்கும் அலமாரிக்கும் இடையிலிருந்த சந்தில் பக்கவாட்டாக நின்று, தோளைச் செருகிக் காட்டத் தொடங்கினாள்.