எட்டும் ஏழும்

பத்து வருடமாக அந்தத் தையல் பட்டறையில் அவள் ஓட்டிவந்த எம்பிராய்டரி மெஷினுக்கு அன்று மாலை நான்கு மணியோடு ஆயுள் முடிகிறது. பழைய இரும்புக்காரர் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவளுக்குப் பட்டன் தைக்கும் மேஜைதான். பன்னிரண்டு ஊசிகளை ஒரே நேரத்தில் ஆட்டிவைத்தவள் இனி ஒற்றை ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

குற்றவாளி ஓர் எலி. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மெஷினுக்குப் போகும் கேபிளை அது குதறிப்போட, கூட்ட வந்தவர் மிச்சத்தையும் குப்பையில் சேர்த்துவிட்டார். தீர்ப்பு எழுதியவர் அவளுடைய கொழுந்தனார். கார்டில் ‘முதுநிலைத் தொழில்நுட்ப ஆலோசகர்’ என்றிருக்கும். யாருக்கு முதுநிலை என்பதைக் கார்டு சொல்லாது. குனிந்து மெஷினின் முதுகைப் பார்த்தால் சட்டை கசங்கும் என்பதால், “கேபிள் செருகுற இடத்துல எத்தனை பின் இருக்கு அண்ணி?” என்று போனிலேயே கேட்டார். எண்ணிப் பார்த்து, “பதினஞ்சு தம்பி” என்றாள். பதினைந்து பின் கேபிள் ஒன்று பட்டுத்துணி சுற்றாத குறையாக வந்து இறங்கியது. பொருந்தவில்லை. உடனே, கோளாறு மெஷினின் வயதில் என்று முப்பத்திரண்டு பக்க அறிக்கை. முதலாளியம்மா அதன் அட்டையைப் பார்த்தே அசந்துபோனார்.

ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. எண்ணிக்கை சரி, அப்புறம் ஏன் நுழையவில்லை?

மதியச் சாப்பாட்டு நேரம். மின்சாரத்தை அணைத்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். துணிக்குப் பூ மாற்ற, தாளில் புள்ளிபுள்ளியாகக் குத்தி எடுப்பது அவள் தொழில். அதே தாளில் ஒரு துண்டு நறுக்கி, சாக்கெட்டின் பின்கள் மேல் வைத்து அழுத்தினாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே எட்டு ஓட்டை, கீழே ஏழு. இரண்டே வரிசை. புதுக் கேபிளின் முனையைத் திருப்பினாள். ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்று வரிசை.

“அடப்பாவி!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

இந்த எட்டும் ஏழும் கண்ணுக்குப் பழகியது. எங்கே? வீட்டுப் பரண்! தூசி தட்டும்போதெல்லாம் கைக்கு வரும் கொழுந்தனாரின் பெட்டி. மேலே ‘யாரும் தொடாதீர்கள்’ என்று எழுதியிருக்கும்.

ஓட்டமாய் வீட்டுக்குப் போனாள். வீட்டிலிருந்த கணவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

“என்னடி தேடுற?”

“உங்க தம்பி சின்ன வயசுல கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டி விளையாடுவாரே, அந்த ஜாய்ஸ்டிக்கோட நீட்டு ஒயர்.”

“அவன் மூளையையும் அங்கதான் வச்சிட்டுப் போனான். கிடைச்சா எடுத்துட்டு வா.”

ஒயரின் ஒரு முனையில் பின்கள், மறுமுனையில் துளைகள். தாளை வைத்துப் பார்த்தாள். ஓட்டைக்கு ஓட்டை அச்சாகப் பொருந்தியது. சில ஒயர்களில் எல்லாப் பின்னுக்கும் உள்ளே கம்பி ஓடாது என்பதும் அவளுக்குத் தெரியும். டார்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். பதினைந்து முறையும் பல்பு சிரித்தது.

மூன்றே முக்காலுக்குப் பட்டறை வாசலில் இரும்புக்காரர் வண்டி. முதலாளியம்மா பக்கத்தில் கொழுந்தனார் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.

“அண்ணி, உணர்ச்சிவசப்படாதீங்க. இதெல்லாம் காலம் முடிஞ்ச தொழில்நுட்பம்.”

“அஞ்சு நிமிஷம் குடுங்க தம்பி. முடிஞ்சுதான்னு அதுகிட்டயே கேட்டுருவோம்.”

செருகினாள். ‘டக்’கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு. ஒரு மூச்சு. பிறகு பன்னிரண்டு ஊசிகளும் ஒன்றாக இறங்கின. பள்ளிக்கூட பேட்ஜ்கள் பன்னிரண்டு ஒரே சீராக மலர ஆரம்பித்தன. பட்டன் மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். “பதினேழாம் பக்கத்துல இந்தச் சாத்தியத்தை நானே...” அதற்குள் அவர் பார்வை ஒயரில் விழுந்தது. அதில் பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில், அவருடைய வீட்டுச் செல்லப்பெயர். “அண்ணி... இது என்னோடது!”

“ஆமா தம்பி. கடைசியில உங்களாலதான் சரியாச்சு.”

முதலாளியம்மா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்.

“அப்ப நான் எதைம்மா ஏத்துறது?” என்றார் இரும்புக்காரர்.

முதலாளியம்மா மேஜையிலிருந்த தடித்த அறிக்கையை எடுத்து எடைபோடுவதுபோல் ஆட்டிப் பார்த்தார்.

“பழைய பேப்பர் எடுப்பீங்களா?”

பதில் யாருக்கும் கேட்கவில்லை. மெஷின் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது; அவள் அடுத்த துணியை மாட்டப் போய்விட்டாள்.