தோகியேவுக்கு ஒரு துணை

"இது வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கே. பேசுற மாதிரி ஒண்ணு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது பொம்மையையும் அலமாரியில் திருப்பி வைத்தாள் மசூயே.

ஒகுரா அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாரா நகரின் பழைய தெருவில் அவள் கடை, பத்துப் பேர் நின்றால் பதினொன்றாவது ஆள் வெளியேதான் நிற்கவேண்டும். பொம்மைகள் அவள் கைவேலை. விசிறி, கைத்துண்டு, சீப்பு எல்லாம் தெரிந்தவர்கள் செய்து கொடுப்பது.

"காலங்காத்தால பேசுற பொம்மை கேக்குறீங்க! யாருக்கு?"

"எங்க அண்ணிக்கு."

"தோகியே அம்மாவுக்கா? அப்ப நீங்க கேட்டது சரிதான். வாய் மூடின பொம்மையைக் குடுத்தா மறுநாளே திருப்பிக் கொண்டாந்துடுவாங்க."

அண்ணி முந்தாநாள் இறந்துபோனதை மசூயே சொல்லவில்லை. வாசலில் தெளித்த தண்ணீர்கூட இன்னும் காயாத கடை. முதல் வியாபாரத்தில் போய் சாவு என்று வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. கறுப்பு உடை தெரியாதபடி கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள். பத்தரைக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் போயாக வேண்டும்.

நாள்தான் வினையாக வந்து வாய்த்தது. நாள்காட்டியில் இன்று 'துணையை இழுக்கும் நாள்'. இன்றைக்குப் பிணம் எடுத்தால், போகிற உயிர் தனக்கு வேண்டிய ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுமாம். நாளை தொடங்கி ஐந்து நாள் எரியூட்டுக் கூடத்தில் பராமரிப்பு வேலை என்பதால் வேறு வழியில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பெட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்து அனுப்புவார்கள். மனிதருக்குப் பதில் அது துணைக்குப் போகும்.

மற்ற வீடுகளில் இது வெறும் சாங்கியம். மசூயேவுக்கு அப்படி இல்லை. தோகியே தபால் பெட்டிவரைகூடத் தனியாகப் போனவள் அல்ல. கல்யாணம் செய்துகொள்ளாமல், மசூயேவின் கணவனான தன் தம்பி ரியோஹெய்யின் வீட்டிலேயே இருந்துவிட்டாள். பொதுக் குளியல்கூடம், பல் வைத்தியர், கோயில் என்று எங்கே கிளம்பினாலும், "ரியோ, வாடா" என்று ஒரு சத்தம்தான். ரியோஹெய் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். போன இலையுதிர் காலத்தில் அவனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் மலைக்கோயில் படிகளில் அவனை ஏற்றி இறக்கினாளே, அந்த மகராசி! முப்பத்தொரு வருடத்தில் மசூயேவைப் பார்த்து ஒருநாளாவது "நீயும் வர்றியா?" என்று கேட்டிருப்பாளா? மூச்.

இன்று காலை சூப்பைக் குடித்துக்கொண்டே ரியோஹெய் சாதாரணமாகச் சொன்னான்.

"கனவுல அக்கா கூப்பிட்டா. இதோ வந்துட்டேன்னு சொன்னேன்."

மசூயே கிண்ணங்களைக் கழுவாமல் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஒகுரா அம்மாள் உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். குட்டை முடி, சிவப்புப் பூப்போட்ட உடை, முழங்கை நீளம். உதடுகள் லேசாகப் பிரிந்து, ஏதோ கேட்கப்போவது போல் இருந்தது.

"இதைக் குடுங்க. இது போகும்" என்றாள் மசூயே.

"எங்க போகும்?"

"அண்ணிக்குப் பிடிச்சுப்போகும்னு சொன்னேன்."

ஒகுரா அம்மாள் பொம்மையின் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை ஒட்டினாள். தூரிகையை மையில் தோய்த்து, "யார் பேர் போடட்டும்?" என்றாள்.

பரிசு என்றால் கொடுப்பவர் பேரைப் போடுவது இங்கே வழக்கம். கல்யாணமோ கருமாதியோ, வீட்டுத் தலைவர் பேரைத்தான் சொல்வார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மசூயேவின் வாயில் அதுவே தானாக வந்தது.

"ரியோஹெய்."

மை காய்வதற்குள் ஒகுரா அம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அவங்களை ஏன் வெளியிலேயே நிக்க வெச்சிட்டீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

"யாரை?"

"கூட வந்தாங்களே. வந்ததுலேர்ந்து திரைக்குக் கீழ பாதம் தெரியுதே. வெள்ளைக் காலுறை."

மசூயே திரும்பினாள். வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கிய துணித்திரை அசையாமல் இருந்தது. அதற்குக் கீழே ஈரக் கல் மட்டும்தான். நேற்று மாலை அண்ணியின் விறைத்த பாதங்களுக்கு வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டது மசூயேதான். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனையில், ஊருக்குள் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும், இல்லை, அவளுக்குப் பின்னால் பார்த்து, விலகி வழிவிட்டது.

வீட்டில் பெட்டியைச் சுற்றி எல்லோரும் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ரியோஹெய் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான்.

"அக்காவுக்குக் கையைப் பிடிச்சாத்தான் நடை வரும்" என்று சொல்லி, அவளுடைய விரல்களுக்கு நடுவே பொம்மையைச் செருகினான். அழுதுகொண்டே சிரித்தான். அழகாகத்தான் இருந்தது.

ஈமச்சடங்கு நிறுவனத்து ஆள் மூடியைத் தூக்கியபோதுதான் மசூயே அந்தப் பட்டையைப் பார்த்தாள். அண்ணியின் விரல்களுக்குக் கீழே, கொட்டை எழுத்தில், ரியோஹெய்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஆளுக்குப் பதிலாகப் போகட்டும் என்று வாங்கிய பொம்மையில் ஆளின் பேரையே எழுதிக் கையில் கொடுத்துவிட்டேனே!

"ஒரு நிமிஷம்" என்று பெட்டிக்குள் கையைவிட்டு இழுத்தாள். இரண்டு நாளாகப் பனிக்கட்டியில் கிடந்த விரல்கள் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். காகிதம் கிழிந்து பாதி அவள் கையோடு வந்தது. பேர் இருந்த பாதி உள்ளே தங்கிவிட்டது.

"மசூயே, என்ன பண்றே? எல்லாரும் பாக்குறாங்க."

"உங்க பேர், ஏங்க... அதுல உங்க பேரு..."

"இருக்கட்டுமே. யார் குடுத்ததுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் முகத்தில் பயமே இல்லை. அக்கா கூப்பிட்டால் எழுந்துபோகிற பழைய முகம்தான். அதைப் பார்த்துத்தான் மசூயேவுக்கு உண்மையான பயம் வந்தது. இந்த மனுஷன் போய்விடுவான். கேட்டால் போதும், போய்விடுவான். மூடி விழுந்தது.

வாசலில் கறுப்பு வண்டி நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. துக்க வீட்டுத் தலைவன்தான் அதில் உட்கார்ந்து பிணத்தோடு போகவேண்டும். மற்றவர்கள் பின்னால் பேருந்தில் வருவார்கள். ரியோஹெய் தெருவில் நின்று, கூடியிருந்தவர்களுக்குக் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். மசூயே வண்டியின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

ஓட்டுநர் திடுக்கிட்டான். "அம்மா, இது ஐயா உக்கார்ற இடம்..."

"தெரியும். வண்டியை எடுங்க."

"ஐயா இன்னும் ஏறலியே."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் சாவியைத் திருகினான். வழக்கப்படி வண்டி நீளமாக ஹார்ன் ஊதிக் கிளம்பியது. ரியோஹெய் நிமிர்ந்து பார்த்தான். "மசூயே!" என்று கூப்பிட்டபடி இரண்டடி ஓடிவந்து, மூச்சு வாங்கி, மார்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மசூயே இருக்கை வார்ப்பட்டையை இழுத்து மாட்டினாள். தோளுக்குப் பின்னால் பெட்டி லேசாக நகர்ந்து நின்ற சத்தம் கேட்டது.

"அவரு வரல அண்ணி" என்றாள், முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டே. "நான் வரேன். போலாம்."